கட்டாத வருஷம்

என் மகளின் அலமாரியைத் திறந்தால் யாரோ பாதிக் குடித்தனத்தைக் காலி செய்துகொண்டு போனதுபோல் இருக்கும். கறுப்பு, சாம்பல், வெள்ளை. நடுநடுவே காலி ஹேங்கர். கல்யாணமாகாத பெண்ணுக்கு இதென்ன துறவறம் என்று நான் கிண்டல் செய்வேன். அலமாரி மூச்சு விட வேண்டுமாம். என்னவோ அதற்கு ஆஸ்துமா வந்ததுபோல் பேசுவாள். காலையில் எதைப் போடுவது என்று யோசிக்கிற நேரம் மிச்சம் என்பாள். மிச்சமானதெல்லாம் லேப்டாப்புக்குத்தான் போகிறது. அதைச் சொன்னால் கோபம் வரும்.

என் கணவர் போய்ப் பத்து மாதம் ஆனபோது, மர்பி டவுன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆனேக்கல் பக்கம் இருக்கும் தன் ஃபிளாட்டுக்கே வந்துவிடச் சொன்னாள். அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்கும் முடியவில்லை. ஃபிளாட்டில் எனக்கு இரண்டு தட்டு ஒதுக்கியிருந்தாள். என் பீரோவோ புடவைகளால் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மர்பி டவுனுக்கு வந்து, எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

“இந்த ஒரு வருஷத்துல எதைக் கட்டினியோ அதை மட்டும் வச்சுக்கம்மா. கட்டாதது உனக்கு வேணாம்னுதானே அர்த்தம்.”

எங்கள் வீட்டு வழக்கப்படி, புருஷன் போனால் வருஷம் திரும்பித் தலை திவசம் முடியும்வரை பட்டோ பளிச்சென்ற நிறமோ உடம்பில் படக் கூடாது. நானும் வெளிறிய காட்டன் புடவைகளையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். யூடியூபில் அவள் பார்த்துவைத்திருந்த ஒரு வருஷக் கணக்குக்கு இதெல்லாம் தெரியாது. என் மகளுக்குத் தெரியும், ஆனால் அன்று நினைவுக்கு வரவில்லை. அம்மாவின் பாரத்தைக் குறைக்கிறோம் என்று நம்பி, பாவம், வியர்க்க வியர்க்க மடித்துக்கொண்டிருந்தாள்.

“கட்டினியா?” என்று கேட்பாள். இல்லை என்பேன். புடவை மூட்டைக்குப் போகும்.

மாம்பழக் கலர் புடவையையும் அப்படித்தான் தூக்கிக் காட்டினாள். தீபாவளியும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. ஒருநாள் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் மழைக்கு ஒதுங்கிய கடையில் அவர் தானாகப் பார்த்து எடுத்தது. அவருக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டு. இதைக் கட்டிக்கொண்டு வந்தால் எந்தக் கூட்டத்திலும் உன்னைத் தேடவே வேண்டாம் என்பார். பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கும்போதே தூரத்திலிருந்து கையை ஆட்டுவார். அந்தப் புடவை எனக்கு வேண்டும். உயிரைப் போல் வேண்டும். கட்டினியா என்றாள். இல்லை என்றேன்.

மூட்டையைப் பக்கத்து வீட்டுக்காரி சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மேலாக இருந்த புத்தம்புதுப் புடவைகளைத் தடவிப் பார்த்து எப்போது எடுத்தது என்று கேட்டாள். பதினாறாம் நாள் என் தம்பியும் சொந்தக்காரர்களும் கொண்டுவந்து என்மேல் போட்ட கோடி என்றேன். பச்சை, நீலம் என்று நல்ல நிறமாகத்தான் பார்த்து எடுத்திருந்தார்கள். அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

“இது மட்டும் வோணாங்க்கா. கல்யாணப் பொண்ணு இருக்கிற வூடு.”

அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். ஆக, நான் ஆசைப்பட்டதெல்லாம் அவள் வீட்டுக்குப் போனது. காட்டனும் கோடியும் என்னோடு ஃபிளாட்டுக்கு வந்தன. இரண்டு தட்டில் கச்சிதமாக அடங்கிவிட்டது என்று மகள் போட்டோ எடுத்துவைத்தாள். அடுத்த மாதம் என் போனுக்கும் ஒரு போட்டோ வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் நலங்குக்கு மாம்பழக் கலர் கட்டி, கன்னமெல்லாம் சந்தனத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அது நன்றாகவே இருந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தலை திவசத்துக்கு என் நாத்தனார் வந்து தங்கினாள். மறுநாள் காலை கோயிலுக்குக் கிளம்பும்போது என் தோளைத் தொட்டாள்.

“வருஷம் முடிஞ்சிருச்சு அண்ணி. இனிமே நல்ல கலரா கட்டுங்க. அந்த மாம்பழக் கலரை எடுங்க, அண்ணனுக்கு உசுராச்சே அது.”

என் மகள் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. இப்போதே போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்று சாவியைத் தேடினாள். மணப்பெண்ணுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? வேண்டாம் என்று உட்காரவைத்தேன்.

“ஏம்மா அன்னிக்கே சொல்லல?” என்று அழுதாள்.

“அன்னிக்கு அது நான் கட்டக் கூடாத புடவை. கூடாதுன்னு இருக்கறப்ப, எனக்கு வேணும்னு எப்படிடி வாயத் தொறக்கறது?”

நாத்தனார் கூடத்தில் காத்திருந்தாள். அலமாரியைத் திறந்து தம்பி போட்ட பச்சைக் கோடியைப் பிரித்துக் கட்டிக்கொண்டேன். என்னிடம் நிறமென்று மிச்சமிருந்ததெல்லாம் அவர் செத்ததால் வந்ததுதான்.