பதில் கூவல்

மாசி பிறந்துவிட்டால் குற்றாலத்து மலையைக் கண்டாலே எனக்கு ஆகாது. சாரலுக்கு வந்து தலையை நனைத்துவிட்டு அல்வா வாங்கிப் போகிறவர்களுக்கு அந்த மலையைத் தெரியாது. மாசியில் அருவி என்பது பாறையில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். மேலே ரிசர்வ் காட்டில் புல் காய்ந்து சரசரக்கும்.

அந்த மாதத்தில் தென்காசியிலிருந்து ஒரு கூட்டம் கூலி வாங்காமல் மலையேறும். காடு எரிந்தால் சிற்றாற்றில் தண்ணீர் இருக்காது, கார் நெல் போய்விடும் என்ற பயம்தான் அவர்களை ஏற்றியது. புண்ணியம் என்று பேசியதெல்லாம் ஊருக்காக. காட்டு வாச்சர் காட்டிய இடத்தில் புல்லை வெட்டி, ஒரு வண்டித்தடம் அகலத்துக்கு வெறுந்தரை ஆக்குவார்கள். தீ அதைத் தாண்டாது என்று நம்பிக்கை. என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் முதல் ஆள். கல்யாணமான மறுவருஷம், கஞ்சி கொண்டுபோகும் பெண்களோடு நானும் போனேன்.

காட்டுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேரைக் கேட்டுக்கொண்டால் பிறகு மலையே கூப்பிடும், பதில் கொடுத்தவன் திரும்ப மாட்டான் என்பார்கள். அதனால் ஆளைத் தேட ஒரு கூவல், பதிலுக்கு ஒரு கூவல். எனக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் பேரை நாங்கள் ஊருக்குள் மட்டும் சொன்னோமா என்ன?

அன்று உச்சிப்பொழுதில் ஓடைக்கு அப்பால் புகை எழுந்தது. காற்று எங்களைப் பார்த்து அடித்தது.

"இங்கன இருந்து நாமளே எதிர்த்தீ வச்சிரணும். வாற தீக்குத் திங்க ஒண்ணும் மிஞ்சப்படாது" என்றார் வாச்சர்.

வெட்டப் போனவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஓடைக்குத் தண்ணீர் மொள்ளப் போன என் வீட்டுக்காரரை மட்டும் காணவில்லை. வாச்சர் கூவினார். கீழே அடிவாரத்திலிருந்து பதில் கூவல் வந்தது.

"அண்ணாச்சி கீழ எறங்கிட்டாவ. தீய வைங்கலே" என்றார்.

வைத்தார்கள். புல் பற்றிக்கொண்டு ஓடியது. அந்நேரம் அடிவாரத்திலிருந்து மாடு மேய்க்கிற இருவர் தீயை அடிக்கப் பச்சைக் குழையும் கையுமாக உதவிக்கு ஏறி வந்தார்கள்.

"நாங்கதான் கூவுனோம். வேற யாரும் கீழ வரலியே" என்றார்கள்.

அப்படியானால் இரண்டு தீக்கும் நடுவில் அவர் இருக்கிறார். வாச்சர் திரும்பத் திரும்பக் கூவினார். பதிலுக்கு ஒன்றும் இல்லை, தீயின் படபடப்புதான். நான் கஞ்சி வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். கஞ்சி கொண்டுவந்த கிழவி ஒருத்தி என் கையைப் பிடித்து, "ஏட்டி, பேரச் சொல்லிராத" என்றாள். கையை உதறினேன். தொண்டை கிழிய அவர் பேரைச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ஓடை வழியாகவே தவழ்ந்து வந்தார். புருவம் பொசுங்கியிருந்தது. எல்லார் முன்னாலும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

மலையை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"எம்பேர எத்தன தடவ சொன்ன?"

"ஒரு தடவதான்."

"மொதல்ல மேல தீக்குள்ள இருந்து கேட்டுது. நீதான்னு நெனச்சி அங்கன ஏறுனேன். பொறவுதான் பின்னால இருந்து உன் சத்தம் கேட்டுது."

"பாறையில பட்டுத் திரும்பியிருக்கும்."

"திரும்புத சத்தம் முன்னாலயா வரும்?" என்றவர், சற்று நடந்த பிறகு, "அதுக்கு நான் பதில் கூவிட்டேம்ட்டி" என்றார்.

இனி மலைப் பக்கமே போகக் கூடாது என்று சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன். "வயலு காஞ்சா சோத்துக்கு எங்க போவ?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டார். அடுத்த மாசியில் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கஞ்சி தூக்குவதை விட்டேன். நானும் ஓர் அரிவாளோடு போய் அவர் பக்கத்திலேயே குனிந்து புல் அறுத்தேன். பெண்கள் சிரித்தார்கள், வாச்சர் முகம் சுளித்தார். அவர் ஓடைக்குப் போனால் நானும் போனேன். அவர் காட்டுக்குப் போன வருஷமெல்லாம், கூப்பிட வேண்டிய தூரத்துக்கு அவரை நான் விட்டதே இல்லை.