ஃபர்ஸ்ட் கியர் கீழே இருந்த கார்

சாம்பார் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து அடிக்கும் காரில் போயிருக்கிறீர்களா? நான் வருஷக்கணக்கில் போயிருக்கிறேன்...

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த வருஷங்கள். விம்கோ நகரில் வீடு. எண்ணூர் பக்கம் கம்பெனி ஆட்களுக்கு நான் மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புவேன். என் வீட்டுக்காரர் சேகர் மெக்கானிக். எங்கள் குட்டிக் காரில் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு போவது அவர்தான்.

பாவம், அந்தக் கார். ரயில்வே பாலத்தில் பாதி ஏறியதும் நின்றுவிடும். நான் இறங்கித் தள்ளுவேன். சாம்பார் தளும்பி சீட்டெல்லாம் பருப்பு.

ஒரு நாள் மனுஷன் பெரிய கார் எஞ்சின் ஒன்றை கியர் பாக்ஸோடு வாங்கி வந்து இறக்கினார்.

குறுக்குவாட்டில் உட்கார வேண்டிய எஞ்சின். இடமே பத்தவில்லை. பேட்டரி டிக்கிக்குப் போனது. ரேடியேட்டரை முன்னால் தள்ளினார். உள்தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்து வழி பண்ணினார்.

"யோவ், கார்ல எஞ்சின் வெக்கிறியா, எஞ்சின்ல கார் வெக்கிறியா?" என்றேன். முறைத்தார்.

கடைசியில் பானெட் மூடிவிட்டது. ஆர்.சி. புக்கிலும் முறைப்படி மாற்றியாயிற்று. ஒரே ஒரு வில்லங்கம்... கியர் ராடு மாட்டும் இடம் தலைகீழாகிவிட்டது. மேலே தள்ளினால் விழ வேண்டிய ஃபர்ஸ்ட் கியர், கீழே இழுத்தால்தான் விழும். செகண்ட் மேலே.

"அதுக்கு இன்னாமே இப்போ? வண்டி சும்மா பறக்குதுல்ல?"

நானும் அதிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்குள் அவருக்கு துபாயில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் கிளம்பணும். எனக்கு லைசென்ஸ் கிடைக்காவிட்டால் சாப்பாட்டு வியாபாரம் அன்றோடு சரி.

டெஸ்ட் அன்று எட்டு போட்டேன். ஒழுங்காக வந்தது. அப்புறம் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர். நான் கியரைக் கீழே இழுத்தேன்.

"ஏம்மா, மேட்டுல செகண்ட்ல எடுக்கிறியே? ஃபர்ஸ்ட் போடும்மா!"

போச்சுடா! கதையைச் சொன்னால், 'வேற வண்டி கொண்டு வாம்மா' என்பார். வேற வண்டிக்கு நான் எங்கே போக? சாமி மேல் பாரத்தைப் போட்டு மேலே தள்ளினேன். நிஜ செகண்ட். பழைய எஞ்சினாக இருந்தால் அங்கேயே படுத்திருக்கும்.

கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது... உறுமியது... ஏறிவிட்டது!

"அப்படித்தாம்மா. சின்ன வண்டி, நல்லா இழுக்குதே" என்று கையெழுத்துப் போட்டார்.

அப்பாடா! வெளியே நின்ற சேகரிடம் விஷயத்தைச் சொன்னேன். பயப்படுவார் என்று பார்த்தால், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"செகண்ட்லயே ஏத்திச்சா? எஞ்சின் யாரு வெச்சதுன்னு நெனச்சே?"

"வூட்டுக்கு வாய்யா, உன்ன வெச்சுக்கிறேன்" என்று சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இப்போது எங்களிடம் கியரே மாற்ற வேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டி. பாலத்தில் டிராஃபிக் நின்று நகரும்போதெல்லாம் என் இடது கை தானாகக் கீழே இழுக்கப் போகும். நேற்றும் போனது. துபாய் வேலை முடிந்து வந்துவிட்ட சேகர் பக்கத்தில் இருந்தார்; பார்த்துவிட்டார்.

"இன்னாமே, இன்னும் அந்த மேட்லயே கீற?"

"இல்லய்யா... எப்பவோ ஏறிட்டேன்" என்றேன்.