கோப்பைக்கு முன்னால் வந்த பேனர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஓர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திண்டிவனத்தில், ஒரு ஹார்டுவேர் கடை வாசலில். ஏணியின் உச்சியில் என் மனைவி கலைவாணி. அவள் கையில் காய் நறுக்கும் கத்தி...

பயப்படாதீர்கள். பேனர் கயிற்றை அறுக்கத்தான் கத்தி. ஆனால் அவள் அறுத்த வேகத்தைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் உதறல்தான்.

பேனரில் ஒரு டீமே சிரித்துக்கொண்டிருந்தது. கலைவாணி படித்த மகளிர் கல்லூரியின் ஃபுட்பால் டீம். மேலே கொட்டை எழுத்தில் — 'கோப்பையோடு வரும் எங்கள் தங்கங்களே, வருக வருக!' கீழே பழைய மாணவிகள் ஏழெட்டுப் பேரின் சின்னச் சின்னப் படங்கள். அதில் என் மனைவியும் உண்டு. கூலிங் கிளாஸோடு.

ஒரே ஒரு சிக்கல். கோப்பை வரவில்லை!

நம் பக்கத்தில் இது ஒரு வியாதி. கல்யாணமோ, காதுகுத்தோ, கட்சிக் கூட்டமோ, முதலில் பேனர் வந்துவிட வேண்டும். போன வருஷம் இந்தப் பெண்கள் ஃபைனல் வரை போனார்கள். அவ்வளவுதான். இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று பழைய மாணவிகள் கூடி முடிவெடுத்து, விழுப்புரத்தில் போட்டி தொடங்கிய அன்றே பேனரைக் கட்டிவிட்டார்கள். கடைக்காரர் கலைவாணியின் தோழி என்பதால் இடத்துக்கும் பஞ்சமில்லை.

"முடியட்டுமே..." என்று இழுத்தேன்.

"வாயைக் கழுவுங்க" என்று பதில் வந்தது.

போட்டிகளுக்கு நான்தான் டிரைவர். கலைவாணி ஒரு காலத்தில் அதே டீமில் ஆடியவள். இப்போது கோட்டுக்கு வெளியே நின்று ஆடுகிறாள். கையில் ஒரு குடை. வெயிலுக்கு என்றுதான் எடுத்து வருவாள், ஆனால் விரித்து நான் பார்த்ததில்லை. 'லெஃப்ட்டுல போ', 'ஏறி வா' என்று காட்டத்தான் அது பயன்பட்டது.

முதல் மேட்ச் தோல்வி. அப்புறம் ஒரு டிரா. அடுத்து எப்படியோ ஒரு ஜெயம். கடைசி மேட்சை டிரா செய்தாலே செமி ஃபைனல் என்ற நிலை. ஆளுக்கொரு கோல் அடித்திருந்தார்கள். முடியப் போகிற நேரம்... எதிர் டீம் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து சும்மா ஒரு உதை விட்டாள். பந்து சோம்பலாக உருண்டு வந்தது. கோல்கீப்பர் அபிநயா குனிந்தாள். பிடித்துவிட்டாள் என்றே நினைத்தோம். பந்து கையிலிருந்து நழுவி, காலுக்கு நடுவில் புகுந்து, உள்ளே போய்விட்டது.

மைதானமே வாயடைத்து நின்றது. அந்த அமைதியில் என் மனைவியின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"கையில என்ன, வெண்ணெய் தடவிக்கினு வந்திருக்கியா?"

அபிநயா திரும்பிப் பார்த்தாள். செகண்ட் இயர் படிக்கிற பெண். பந்தை எடுக்கக்கூட மறந்து, தன் கிளவுஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை கோச் போன் செய்தார். அபிநயா ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். இனிமேல் கிளவுஸைத் தொடவே மாட்டேன் என்கிறாளாம். போனை வைத்ததும் கலைவாணி குடையை எடுத்துப் பரண்மேல் போட்டாள். அப்புறம், "காலையில அந்த பேனரை எறக்கிடணும்" என்றாள். கோபம் யார் மேல் என்று நான் கேட்கவில்லை. அதனால்தான் அந்த ஏணி.

"அம்மா, அத்த கிழிச்சிடாதீங்க!"

கீழே ஒரு பெண்மணி, கையில் கட்டைப் பையோடு நின்றிருந்தார். "எனக்குத் தந்தீங்கன்னா மல்லாட்டை காய வைக்க ஆவும். விழுப்புரம் தாண்டி, காணையிலேர்ந்து வர்றேன். பொண்ணு இங்க ஆஸ்டல்ல இருக்குது, கூட்டிக்கினு போவலாம்னு வந்தேன்."

வேர்க்கடலை காய வைக்க பேனர் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஊரில் பேனர் கட்டும்போதே 'அவுத்தா எனக்கு' என்று யாராவது சொல்லி வைத்துவிடுவார்கள். வைக்கோல் போர், கொட்டகைக் கூரை என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

"தாராளமா எடுத்துக்கினு போங்க" என்று கலைவாணி கடைசிக் கயிற்றையும் அறுத்தாள்.

பேனர் தரையில் விழுந்தது. அந்த அம்மா குனிந்து, ஒரு முகத்தின் மேலிருந்த புழுதியை முந்தானையால் துடைத்தார். "இதாங்க எம் பொண்ணு. அபிநயா."

ஏணி லேசாக ஆடியது.

"மேட்ச்சுல யாரோ ஒரு அம்மா, கையில வெண்ணெய் தடவிக்கினு வந்தியான்னு கேட்டாங்களாம். அதையே சொல்லிச் சொல்லி அழுவுது."

நான் கடைக்குள் இருந்த பெயின்ட் டப்பாக்களை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தேன். கணவனாக இருப்பவர்களுக்கு இது புரியும்.

"அது நான்தாங்க, குடையோட நின்னு கத்தினது" என்றாள் கலைவாணி, ஏணியிலிருந்தபடியே.

அஞ்சலை — அதுதான் அந்த அம்மாவின் பெயர் — நிமிர்ந்தார். "நீங்களா? கொடைக்கார அக்கா நீங்கதானா?"

"ஆமாங்க."

"கழனி வேலைய வுட்டுட்டு நான் ஒரு மேட்ச்சுக்கும் வந்ததில்லீங்க. உங்களைத்தான் போன்ல சொல்லும். கொடைக்கார அக்கா வந்துட்டாங்கம்மா, இன்னிக்கு நல்லா ஆடணும்னு..."

திட்டியிருந்தால்கூடக் கலைவாணி தாங்கியிருப்பாள். இறங்கி வந்தபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன.

ஹாஸ்டல் வாசலில் எல்லார் முன்னாலும், "தப்புடி அபி. அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு" என்றாள். "பரவால்லக்கா" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்தபடி. அம்மாவையும் பெண்ணையும் ஊரில் விட நால்வருமாகக் காரில் ஏறினோம். பேனரைச் சுருட்டி மேலே கட்டிக்கொண்டோம். விழுப்புரம் மைதானத்தைத் தாண்டும்போது அபிநயா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு ஒன்று தோன்றியது. அந்த பேனரை இந்தப் பெண்களில் யாராவது கேட்டார்களா? நாமாகவே அடித்தோம். நாமாகவே கட்டினோம். தோற்றதும் நாமாகவே கோபித்துக்கொண்டோம். ரசிகன் என்பவன் பாசக்காரன்தான்... ஆனால் அந்தப் பாசத்தின் கனமெல்லாம் ஒரு சின்னப் பெண்ணின் கையில் அல்லவா போய் உட்கார்ந்துகொள்கிறது? பந்து நழுவாமல் என்ன செய்யும்?

காணையில் வீட்டு வாசலில் மல்லாட்டை குவிந்து கிடந்தது. அஞ்சலை பேனரை விரித்தார், படம் தரையைப் பார்க்கும்படி.

"ஏங்க, கவுத்துப் போடறீங்க?" என்றாள் கலைவாணி.

"காலால கெளறி விடணும் இல்ல? புள்ளைங்க மூஞ்சியில எப்படிங்க கால வெக்கிறது?" என்றவர் கொஞ்சம் யோசித்து, "நீங்களும் இருக்கீங்களே, கண்ணாடி போட்டுக்கினு" என்றார்.

அபிநயா களுக்கென்று சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த வாயோடு, "அக்கா... அடுத்த வருஷம் மேட்ச் எல்லாம் முடிஞ்சப்புறம் பேனர் கட்டுங்கக்கா" என்றாள்.

அடுத்த வருஷம்! கலைவாணி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அதெல்லாம் வேணாங்க" என்று அஞ்சலை குறுக்கே வந்தார். "எப்பவும் போல முன்னாடியே கட்டிடுங்க. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, மாட்டுக் கொட்டாய்க்கு ஒண்ணு வேணும்."

கொட்டாயின் நீள அகலத்தை முழம் போட்டு அளந்த பிறகுதான் என் மனைவி காரில் ஏறினாள்.