வேலைநிறுத்தத்தில் வறுத்த மீன்

பெரிய மார்க்கெட் பக்கம் போனால் மீன் வறுக்கும் வாசனை மூக்கைத் துளைக்கும். மற்றவர்களுக்கு அதில் பசி எடுக்கும். எனக்குச் சந்தேகம் வரும். போன வாரம்கூட ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று, இவர்களுக்கு மீன் எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மீன் மார்க்கெட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்பா மில்லில் தறி ஓட்டினார். எங்கள் தெருவே மில்லைச் சுற்றித்தான் இருந்தது. சங்கு ஊதினால் எழுந்தோம், சங்கு ஊதினால் சாப்பிட்டோம். மில்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தையல்காரர்கூட சங்கைக் கேட்டுத்தான் கடை திறப்பார். மேனேஜரை அப்பா பழைய பிரெஞ்சுக்காலப் பழக்கத்தில் ‘முசே’, அதாவது ‘ஐயா’, என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிற்பாடு கல்லூரியில் பொருளாதார அமைப்புகள் பற்றிப் பாடம் நடத்தினார்கள். பாதி வகுப்பு தூங்கிவிட்டேன். விழித்திருந்த மீதியில் என் நினைவுக்கு வந்தவர் தேவராசு சித்தப்பாதான்.

உறவில்லை, பக்கத்து வீடு. மில்லிலும் அப்பாவுக்குப் பக்கத்துத் தறி. ஒரு வருடம் வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீண்டது. எல்லா வீட்டிலும் கஞ்சிதான். சித்தப்பா உட்பட சங்கத்து ஆட்கள் எங்கள் வீட்டில் கூடி, விடிந்ததும் மில் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கே போலீஸ் முன்னாடியே உட்கார்ந்திருந்தது. யாரோ நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுக்கும் வாசனை வந்தது. அப்பா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“வேல இல்லாத ஊட்ல வஞ்சிரம் எப்டி வரும்?” என்றார்.

அம்மா பொறுக்கமாட்டாமல் நேரே போய்க் கேட்டுவிட்டாள். சித்தப்பாவின் மனைவி கமலா சித்தி, கடலோரத்துக் குருசுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். “எங்கண்ணன் வலையில பட்டது, அக்கா. மீன் திங்கவும் சங்கத்தக் கேக்கணுமா?” என்றாளாம். அம்மா நம்பினாள். அப்பா நம்பவில்லை, தெருவும் நம்பவில்லை. குழாயடிக்குச் சித்தி குடத்தோடு வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட எனக்குத் தடை.

மில் திறந்தபோது நிர்வாகம் சிலரை மட்டும் உள்ளே விடவில்லை. அதில் சித்தப்பாவும் ஒருவர். இனியாவது அப்பா மனம் இறங்குவார் என்று அம்மா எதிர்பார்த்தாள். அப்பாவோ, அது நம் கண்ணைக் கட்ட முசே ஆடும் நாடகம் என்றார். கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் சட்டி பானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குருசுக்குப்பத்துக்கே போய்விட்டது. வழியனுப்ப யாரும் வாசலுக்கு வரவில்லை. அம்மா ஜன்னலுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

பல வருடம் கழித்து, மில்லும் மூடிய பிறகு, ஒரு கல்யாணப் பந்தியில் அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரும்படி ஆகிவிட்டது. நான் எதிர்வரிசையில் இருந்தேன். அப்பா இலையைப் பார்த்தபடியே, அன்றைக்குப் போய்ச் சொன்னது யார் என்று இப்போதாவது சொல்லலாமே என்று கேட்டார்.

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். “இத்தன வருசமா நான் ஒங்களத்தான நெனச்சிட்டிருந்தேன், அண்ணே. கூட்டம் ஒங்க ஊட்லதான நடந்துச்சு?”

அப்பாவின் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. சொன்னது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. யாராவது சொன்னார்களா என்பதிலேயே எனக்கு இப்போது சந்தேகம். நூறு பேர் வேலைநிறுத்தம் செய்தால் மில் வாசலில் போலீஸ் நிற்கும் என்பதற்கு உளவாளி எதற்கு? ஆனால் முசே விரலைக்கூட அசைக்காமலேயே இரண்டு குடும்பம் பிரிந்தது.

இப்போது என் மகன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். முதலாளி யார் என்று கேட்டால் சிரிக்கிறான், அவனுக்கும் தெரியாதாம். எதிர்வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார், வேலை இருக்கிறதா போய்விட்டதா, ஒன்றும் தெரியாது. எங்கள் தெருவில் இன்று யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்படவும் கொஞ்சம் பழகியிருக்க வேண்டுமே.