தேசிக்காய் கட்டிய ஹரிக்கேன்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதோடு, கையில் எடுத்த வேலையை முடிக்காமல் விடாத பிடிவாதமும் உண்டு. அந்தப் பிடிவாதத்தில்தான் திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லிக் கரையில் ஒரு சண்டை விமானத்தைப் பறக்கவிட்டேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போங்கள்.

கலியாணம் முடிந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவி வீட்டில்தான் குடியேறினேன். அவர்கள் மீன்பிடிக் குடும்பம். நான் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். நாங்களே விரும்பிச் செய்த கலியாணம். கடலுக்குப் போகிற மாப்பிள்ளையை எதிர்பார்த்திருந்த மாமிக்குப் பேனை பிடிக்கிறவன் வந்து வாய்த்தான். ஒரு வருசமாக மாமி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பெரிய மீன்துண்டு என் கோப்பையில்தான் விழும். ஆனால் நான் முன்னால் இருக்கும்போதே மகளைப் பார்த்து, "பிள்ளை, உவரைச் சாப்பிடச் சொல்லு" என்பார். எனக்குப் பெயரும் இல்லை, முறையும் இல்லை, வெறும் 'உவர்'. அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் என்னைச் சுட்டது. ஒரு தரமாவது அந்த மனிசியின் வாயால் 'மருமோன்' என்று கேட்டுவிட வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பி எங்கள் கூரைக்கு மேலால் போன ஹரிக்கேன் விமானங்களை அண்ணாந்து பார்த்தே கழுத்து நொந்தவன் நான். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது கழித்துவிட்ட ஒரு ஆங்கிலச் சஞ்சிகையில் அதே ஹரிக்கேனின் வரைபடம் அகப்பட்டது. சின்னதாகச் செய்து, ரப்பரை முறுக்கி விட்டால் உண்மையாகவே பறக்குமாம். அதில் சொன்ன பல்சா மரத்துக்கு நான் எங்கே போக? மனைவியின் அண்ணன், என் மச்சான், வலை மிதப்புக்கு வைத்திருந்த லேசான கட்டைகளைக் கேட்டு வாங்கினேன். சவர அலகால் சீவி எலும்புக்கூடு செய்தேன். பட்டத்துக்கு ஒட்டும் மெல்லிய தாளை மாப் பசையால் ஒட்டினேன். சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி வயிற்றுக்குள் மாட்டினேன். "கலியாணம் கட்டினது என்னையோ, இந்தப் பிளேனையோ?" என்று மனைவி கேட்கத் தொடங்கிவிட்டாள். மண்ணிறமும் பச்சையும் பூசி, இறக்கையில் வட்டம் கீறி முடித்தபோது, ஐயோ, என்ன வடிவு! என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

"வடிவாத்தான் இருக்கு, மச்சான். ஆனா இது மீன் பிடிக்குமோ?" என்றான் மச்சான்.

"மீன் பிடிக்காது, பறக்கும். ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வந்து பார்!"

வாயை விட்டாயிற்று. ஞாயிறு காலை கரையில் சனம் கூடிவிட்டது. ரப்பரை முறுக்கிக் கையிலிருந்து விட்டேன். மூக்கைத் தூக்கியது, அந்தரத்தில் நின்றது, வால்பக்கமாக மணலில் விழுந்தது. வாலை நிமிர்த்தி விட்டேன், இறக்கையை நகர்த்தி விட்டேன். திரும்பவும் அதே கூத்து.

"என்ன மச்சான், இறால் மாதிரிப் பின்னுக்கெல்லோ பாயுது!"

மச்சானின் பகிடிக்குக் கரையே சிரித்தது. "வாயைப் பொத்தடா!" என்று கத்திவிட்டு, விமானத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். வாசல் படலையடியில், முற்றத்தில் நின்ற மகளைக் கூப்பிட்டபடி மாமி குறுக்கே வந்து நின்றார்.

"பிள்ளை, உவரை நிக்கச் சொல்லு. புதுசா ஒண்டை இறக்கேக்க சும்மாவோ இறக்கிறது? வள்ளமெண்டா இப்பிடி விடுவமோ?"

புது வள்ளத்தை முதன்முதலாகக் கடலில் இறக்கும்போது முன் அணியத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, தேசிக்காய் என்கிற எலுமிச்சங்காயைக் கட்டுவது அந்த வீட்டு வழக்கம். மாமி என் விமானத்தின் மூக்கில் சந்தனம் தொட்டார். வேலியோரத் தேசி மரத்தில் அதன் அளவுக்குத் தோதாக ஒரு பிஞ்சைத் தேடிப் பிடுங்கி, மூக்கின் அடியில் நூலால் கட்டினார். சண்டை விமானத்தில் தேசிக்காயா! வரைபடத்தில் இல்லாத ஒரு குண்டூசியைக்கூடச் சேர்க்காதவன் நான். வேறு யாரும் என்றால் கையைத் தட்டிவிட்டிருப்பேன். ஆனால் என்னுடைய பொருள் ஒன்றை மாமி தொட்டது அன்றைக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமியும் பின்னால் வர, திரும்பக் கரைக்குப் போய் விமானத்தை விட்டேன். இந்த முறை மூக்கு எழும்பவில்லை. நூல் பிடித்தாற்போல நேரே போனது. எனக்கு உடனே விளங்கிவிட்டது: மிதப்புக் கட்டை பல்சாவை விடப் பாரம், அதனால் வால் கனத்துக் கிடந்திருக்கிறது, அந்தப் பிஞ்சின் பாரம் மூக்கைச் சமன் செய்துவிட்டது. அந்த விளக்கம் அப்போது யாருக்கு வேண்டும்? வள்ளங்களுக்கு மேலால், வாயைப் பிளந்து நின்ற சனத்துக்கு மேலால், என் ஹரிக்கேன் போய்க்கொண்டிருந்தது. "பறக்குது! பறக்குது!" என்று எல்லோரையும் விடப் பெரிதாகக் கத்தியது நான்தான். என் கையால் சீவியது, என் கையால் ஒட்டியது!

முறுக்கு அவிழ்ந்து முடிய, அது மெல்லச் சாய்ந்து கடலில் இறங்கியது. அலை அதை உள்ளே இழுத்தது. மச்சான் உடுத்த சாரத்தோடு பாய்ந்து நீந்திப்போய், அதை இறக்கையில் பிடித்துத் தூக்கப் பார்த்தான்.

மாமி முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி நின்று, கரை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"டேய், செட்டையில பிடிக்காதையடா, முறிஞ்சிடும்! மெல்லமாக் கொண்டு வா! அது என்ர மருமோன்ர வள்ளமடா!"