ஒரே குடல், எட்டு டப்பா

மலம் என்றதும் மூக்கைப் பொத்துகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். திருப்பதியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக எனக்கு அதுதான் வேலை. டப்பாவைத் திறந்து, கம்பி வளையத்தால் ஒரு துளி எடுத்து, ஊடகத் தட்டில் இழுத்து வைத்து, மறுநாள் காலையில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதில் எனக்கு அருவருப்பு வந்ததே இல்லை. மனிதர்கள்மேல் வந்திருக்கிறது.

ஊடகம் என்பது உள்ளங்கை அகலத் தட்டில் ஊற்றி உறையவைத்த கடல்பாசி ஜெல்லி. அதில் பித்த உப்பும் பால் சர்க்கரையும் ஒரு சாயமும் கலந்திருக்கும். எல்லோர் குடலிலும் குடியிருக்கிற சாதாரணக் கிருமி பால் சர்க்கரையைத் தின்று புளிக்கவைக்கும். உடனே சாயம் பிடித்து ரோஸ் நிறத்தில் புள்ளி புள்ளியாக எழும்பும். டைபாய்டுக் கிருமிக்கு அந்தச் சர்க்கரை ஆகாது. அது நிறமில்லாமல், காய்ந்த கஞ்சித் துளி மாதிரி வெளிறி நிற்கும். வெளிறியதைக் கண்டால் நான் காபியைக் கீழே வைத்துவிடுவேன்.

ரேணிகுண்டா போகிற சாலையில் ஒரு பெண்கள் விடுதி. அங்கே சமைக்கிற எட்டுப் பேருக்கும் வருடத்துக்கு ஒரு முறை உடல்தகுதிச் சான்று வேண்டும். அதற்கு மலப் பரிசோதனை. விடுதியின் சூப்பர்வைசர் எட்டு டப்பாக்களையும் ஸ்வீட் கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொன்றின்மேலும் ஒரு சமையல்காரரின் பெயர் தெலுங்கில் ஒட்டியிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி வந்த எட்டையும் தட்டில் இழுத்து வைத்தேன். மறுநாள் காலையில் திறந்தால் எட்டுத் தட்டிலும் ரோஸுக்கு நடுவே வெளிறிய புள்ளிகள். அத்தனை பெண்கள் சாப்பிடுகிற சமையலறையில் எட்டுப் பேருக்குமா டைபாய்டு? கொஞ்சம் நிதானித்த பிறகுதான் உறைத்தது. எட்டுப் பேர் குடல் ஒரே கோலத்தைப் போடாது. ஒருவருக்கு ரோஸ் கொழகொழவென்று வழியும், இன்னொருவருக்கு ஊசிமுனை அளவில் நிற்கும். இங்கே எட்டும் ஒரே அச்சு. டப்பாக்களை மறுபடி திறந்தேன். எட்டிலும் அதே நிறம், அதே கேழ்வரகு உமி. ஒரே ஆளுடையதை எட்டாகப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

வெளிறிய புள்ளியை எடுத்து மற்ற சோதனைகளையும் செய்தேன். சந்தேகமே இல்லை, டைபாய்டு. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, எட்டு டப்பாவும் யாருடையது என்று கேட்டேன். மனிதர் மறைக்கக்கூட இல்லை, சிரித்தார்.

"ஏமி மேடம், இதுக்குப் போயி போனா? சமையல் பண்றவங்க டப்பாவுல புடிச்சிக் குடுக்க சிக்குப் படறாங்க, வெக்கமாம். பாத்ரூம் கழுவுற பொம்பள ஒண்ணு கீது, அதுகிட்ட சொன்னா குடுத்துடும். போன வருசமும் அதுதான் குடுத்துச்சு."

கக்கூஸ் கழுவுகிறவள் என்பதால் ஊரார் சார்பில் மலமும் அவள்தான் கொடுக்க வேண்டுமாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். அதற்கு முந்தின வருட ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். எட்டுப் பேருக்கும் 'நோய்க்கிருமி இல்லை'. கீழே என் கையெழுத்து. வேலை நெருக்கடியில் வளையத்தை இடையிடையே தீயில் சுட்டுக் கிருமியைக் குறைக்காமல் ஒரே இழுப்பாக இழுத்திருப்பேன். ரோஸ் அப்பிக்கொண்டு வெளிறியதை மூடியிருக்கும். எட்டும் ஒரே மாதிரி இருந்ததையாவது பார்த்திருக்க வேண்டாமா? கண் எங்கே போயிருந்தது?

கூடத்துக்குப் பொறுப்பான டாக்டர் சாரிடம் தட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அதெல்லாம் நமக்கெதுக்கும்மா? வேற சேம்பிள் அனுப்பச் சொல்லு."

"அந்த அம்மாவுக்கு வியாதி கீது சார்."

"அந்த அம்மா பேரு எந்த டப்பா மேல கீது? பேரே இல்லாத ஆளுக்கு நான் இன்னான்னு ரிப்போர்ட் குடுக்கறது?"

மறுநாளே வேறு எட்டு டப்பா வந்தது. இந்த முறை எட்டும் ரோஸ். எட்டும் ஒரே அச்சு. யாரைப் பிடித்தார்களோ தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே விடுதிக்குப் போனேன். பின்பக்கம் அந்தப் பெண் பினாயில் வாளியோடு இருந்தாள். பாகாலாவிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள், தமிழ்க்காரி. காய்ச்சல் வருமா என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் பெண்தான் ஒரே வருடத்தில் இரண்டு தடவை டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். கிருமி அவள் உடம்பில் நோகாமல் குடியிருந்துகொண்டு, அவள் பிசைந்து ஊட்டுகிற சோற்றின் வழியாகப் பெண்ணைப் போட்டுத் தாக்குகிறது. அதைச் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் அது கொடுமைதான்.

வாளியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு பேரும் நல்லாக்கீறாங்கன்னு தானேம்மா போன வருசம் சொன்னாங்க? அப்போ நானும் நல்லாத்தானே இருந்திருக்கணும்?"

தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவளுக்கு அது காதில் விழவில்லை.

"எம்பொண்ணுக்கு நானே குடுத்துக்கினு இருந்தேனா?"

கையோடு ஒரு டப்பா கொண்டுபோயிருந்தேன். அதன்மேல் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் மலத்துக்கு அவள் பெயர் போட்டது அதுதான் முதல் தடவை. தட்டில் வெளிறிய புள்ளிகள் வரிசையாக வந்தன. டாக்டர் சாரிடம் நீட்டினேன். அவளுடைய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதாகவும், பதிலுக்கு, மறுபடி வந்த விடுதியின் எட்டு ரிப்போர்ட்டிலும் நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். போட்டேன். மானங்கெட்ட பேரம். ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாத்திரை எழுத மாட்டார்கள்.

ஒரு மாதம் மாத்திரை விழுங்கினாள். பிறகு இடைவெளி விட்டு மூன்று முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வளையத்தைச் சுட்டுச் சுட்டு, நாலு பக்கமும் பிரித்து இழுத்தேன். மூன்றிலும் ரோஸ் மட்டும்தான். 'நோய்க்கிருமி இல்லை' என்று அவள் பெயரில் எழுதிக் கொடுத்தபோது மனசு குளிர்ந்தது. அவள் பெண்ணுக்கும் பிறகு காய்ச்சல் வரவில்லை. ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்தோம் என்று இருந்துவிட்டேன்.

போன வருடம் அதே ஸ்வீட் கடைப் பை வந்தது. எட்டு டப்பா, எட்டுப் பெயர். காலையில் எட்டும் ரோஸ், எட்டும் ஒரே அச்சு. அவளுக்குப் போன் போட்டேன்.

"ஆமாம்மா, நான்தான் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிக்கினு இருந்தேனே, லீவுக்குக் காட்டறதுக்கு நீ குடுத்த காயிதம் எல்லாம் சூப்பர்வைசர் சார்கிட்ட குடுத்தேன். அவரு ஜெராக்ஸ் போட்டு வச்சிக்கினாரு. லேபுலயே உன்னிய கிளீனுன்னு எழுதிட்டாங்க, இனிமே வருசா வருசம் நீயே குடுன்னாரு."

"முடியாதுன்னு சொல்றதுதானே அக்கா?"

"சொன்னேம்மா. மொத காயிதத்தையும் வச்சிக்கினு கீறேன், உனுக்கு இன்னா வியாதி இருந்துச்சுன்னு ஆஸ்டலு பொண்ணுங்களுக்கு எல்லாம் சொல்லட்டுமான்னாரு. அப்பறம் யாரும்மா என்ன உள்ள விடுவாங்க?" பிறகு அவளே கேட்டாள். "நல்லாத்தானே கீது? அப்பிடியே எழுதிக் குடுத்துடும்மா."

அந்த ஆளை வாயில் வந்தபடி திட்டினேன், போனை வைத்த பிறகு. டாக்டர் சார் அறைக்கு இரண்டு முறை எழுந்து போய் வாசலோடு திரும்பினேன். அவள் வேலை என் பேனா முனையில் தொங்கியது. சாயங்காலம் எட்டு ரிப்போர்ட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அந்த எட்டுச் சமையல்காரர்களின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.