வுளூவுக்கென்று நிரப்பிய பீப்பாய்

நான் குடியிருக்கும் இத்தாலிய நகரத்தில் கோடை வந்துவிட்டால் கீழ் வீட்டு சிஞ்ஞோரா, அந்த இத்தாலிய அம்மா, தினமும் மாலையில் ஒரு வேலை செய்வார். பூச்சட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீரைக் கொட்டுவார். கொட்டிவிட்டு அண்ணாந்து என் பல்கனியைப் பார்ப்பார். என்னிடம் இருப்பது ஒரேயொரு கறிவேப்பிலைச் செடி, அதற்குத் தட்டே கிடையாது. ஆனாலும் பார்ப்பார். இங்கே புலி நுளம்பு என்று ஒன்று பரவியிருக்கிறது. கால் வரிவரியாக இருக்கும், பகலில்தான் கடிக்கும். அதற்காக நகரசபை தரும் மாத்திரையை முற்றத்துக் கழிவுநீர்க் காணில் போடுகிறார்கள். நுளம்புக்கு மாத்திரை கொடுக்கிற நாட்டில் இருக்கிறேன் என்று ஊருக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

போன முறை லீவு முடிந்து இலங்கையில் என் ஊரான உக்குவளையிலிருந்து திரும்பிய மறுநாள் சிஞ்ஞோரா என்னைப் படிக்கட்டில் மறித்தார். காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அடடா, என்ன அக்கறை என்று உருகிப்போய், அல்லாஹ் காப்பாற்றினான், நல்ல சுகம் என்றேன். “உனக்காகக் கேட்கவில்லை. உன்னைக் கடிக்கிற நுளம்பு நாளைக்கு எங்களையும் கடிக்குமே” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசாரித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. காய்ச்சல்காரரைக் கடித்த நுளம்புதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகுமாம். அதனால் என் ஆத்திரம் ஒன்றும் குறையவில்லை.

சந்தேகப்படுவதில் நான் மட்டும் என்ன குறைச்சலா? உக்குவளையில், தம்பி நவாஸின் வீட்டை ஒட்டி எனக்கொரு மாடி வீடு இருக்கிறது. நானும் கணவரும் அடுத்தவர் வீட்டுக் கிழடுகளைக் குளிப்பாட்டி, துடைத்து, உழைத்துக் கட்டிய வீடு. அதன் பூட்டுக்கான திறப்பு என் கைப்பையிலேயே இத்தாலி வரை வரும். நவாஸிடம் கொடுக்கலாம்தான். கொடுத்தால் முதலில் விருந்தாளி படுப்பார், பிறகு அரிசி மூட்டை வரும், அதன் பிறகு அவனுடைய கட்டிலே வந்துவிடும். வெளிநாட்டில் உழைப்பவர்களின் வீடுகள் சொந்தபந்தங்களிடம் கரைந்துபோன கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் அப்படிப் பயந்து பூட்டியவைதான்.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உண்டு. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு வந்து சேரும்போது சுபஹுத் தொழுகை நேரமாகிவிடும். வெயில் காலத்தில் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வந்து இறங்கியதும் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுளூச் செய்யத் தண்ணீர் வேண்டாமா? அதனால் புறப்படும் அன்று குசினியில் உள்ள நீலப் பீப்பாயை விளிம்பு வரை நிரப்பி மூடிவிட்டுப் பூட்டுவேன். தம்பியிடம் திறப்பு இருந்திருந்தால் நான் வருகிற அன்றைக்கு அவனே நிரப்பியிருப்பான்.

அப்படிப் பூட்டிவிட்டு வந்த ஒரு வருடம், மழைக்காலத்தில் ஒழுங்கையில் டெங்கு வந்தது. தம்புள்ளைக்குப் போய்வரும் லொறிக்காரர்கள் கொண்டுவந்தது என்றார்கள் சிலர். நாங்கள் டயர் கடைக்காரரைச் சொன்னோம், அவர் எங்கள் தேங்காய்ச் சிரட்டைகளைச் சொன்னார். சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. வரப்போகிறார் என்றால் எப்படியோ முதல் நாளே தெரிந்துவிடும். முன் முற்றம் பளபளக்கும், குப்பையெல்லாம் வேலிக்கு அடுத்த பக்கம் போய்விடும். இத்தனையும் எனக்குப் போனில் வந்த செய்திகள். நானும் இங்கிருந்தபடியே டயர் கடைக்காரரை ஏசிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் நவாஸ் பேசினான். அக்காவைத் தாத்தா என்பது எங்கள் வழக்கம். “தாத்தா, பூட்டிக் கெடக்குற வீடெல்லாம் தொறந்து காட்டணுமாம். பி.எச்.ஐ. சொல்லிட்டுப் போறாரு. பூட்ட ஒடைக்கவா?”

இதற்குத்தானே காத்திருந்தாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாயால், “டிசம்பர்ல நான் வந்து தொறக்குறேன்” என்றேன்.

“அது வரைக்கும் நுளம்பு பொறுமையா இருக்குமா தாத்தா?”

“என் வீட்டுல என்னடா நுளம்பு? யாருமே இல்லாத வீடு!”

அவன் போனை வைத்துவிட்டான். அடுத்த வாரம் அவன் மகள் ஷிஃபாவுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்தளை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள், பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. எனக்குப் பிள்ளை இல்லாத குறையை மறக்கடித்தவள் அவள். இருந்தும் பாருங்கள், உடையுங்கள் என்று சொல்லும்போதுகூட, வீடியோவில் காட்டிக்கொண்டே உடைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டேன்.

டயர் கடைக்காரரே அலவாங்கோடு வந்தார். பூட்டு இரண்டே அடியில் விழுந்தது. நவாஸ் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, பி.எச்.ஐ. டோர்ச்சோடு பின்னால் வந்தார். என் சோபா, என் அலுமாரி, எல்லாம் வைத்தபடியே இருந்தன. குசினிக்குப் போனார்கள். பீப்பாயின் மூடி வெடித்திருந்தது. டோர்ச் வெளிச்சம் பட்டதும் தண்ணீர் முழுக்க நுளம்புக் குஞ்சுகளான குடம்பிகள் நெளிந்தன. ஜன்னலுக்கு மேல் காற்றுக்கென்று நான் வைத்த ஓட்டை வழியாக நவாஸின் வீட்டுச் சுவர் தெரிந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் ஷிஃபாவின் கட்டில்.

ஷிஃபா பிழைத்துக்கொண்டாள், அல்ஹம்துலில்லாஹ். இப்போது ஸ்கூலுக்கும் போகிறாள். அவளைக் கடித்தது என் வீட்டு நுளம்புதான் என்று யாராலும் சொல்ல முடியாது, டயர்களிலும் குடம்பி இருந்தது. அதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. காரணம், அதற்குப் பிறகு அந்தக் குசினியில் நடந்தது.

இது யாருடைய வீடு என்று பி.எச்.ஐ. சிங்களத்தில் கேட்டார். வழக்குப் போட அவருக்குப் பெயர் வேண்டும். நான் வாயெடுப்பதற்குள் நவாஸ் போனை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டான். திரை இருண்டது.

“மகே, சேர்” என்றான். என்னுடையது.

இந்த ஒரு சொல்லை அவன் சொல்லிவிடுவானோ என்றுதானே இத்தனை வருடமும் பயந்துகொண்டிருந்தேன். மகள் ஆஸ்பத்திரி வோட்டில் கிடக்கிறாள், அவன் கோர்ட்டுக்கு நானே வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்போதும், சீ, என்ன மனமோ, சாட்சி வைத்துச் சொல்கிறானோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அடுத்த கணம், “அது என் வீடு சேர்! என் பெயரை எழுதுங்க!” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். அவன் சட்டை போனில் உரசும் சத்தம்தான் கேட்டது. இத்தாலியில் என் அடுப்படியில் நின்றுகொண்டு எவ்வளவு கத்தியும் உக்குவளையில் ஒருவருக்கும் கேட்கவில்லை.